கூலியின்றிக் காத்திருந்தவர் யார்?
(கடைசிக் கடன்களைத் தீர்ப்பது பற்றி வியாபாரிகளுக்கு ஒரு பாடம்)



கடன் என்பது நமக்குப் புதிய சொல் அன்று. சரக்கை மொத்தக் கடையில் தவணைக்கு எடுத்து, சில்லறையாக விற்று, சொன்ன நாளில் பணத்தைக் கொண்டுபோய்க் கொடுத்து, அந்த நாணயத்தின் பேரில் மறுமுறை சரக்கு எடுத்து வளர்ந்தவர்கள் நாம். ஆனால் இன்று நாம் பேச எடுத்துக்கொண்டது கடைக் கடன் அன்று; வீட்டுக்கும் சொந்தத் தேவைக்கும் வாங்கிய கடன். அதிலும் அதன் தொடக்கத்தைப் பற்றியன்று, முடிவைப் பற்றி.

கடன் கழுத்தளவு இருக்கும்போது மனிதனுக்குத் தேர்ந்தெடுக்கும் உரிமை குறைவு. யார் அதிகம் நெருக்குகிறாரோ அவருக்கே பணம் போகும். பிறகு வல்ல நாயன் அருளால் வியாபாரம் திரும்புகிறது; கையில் ஒரு தொகை சேர்கிறது; மூன்று நான்கு கடன்கள் மட்டும் எஞ்சி நிற்கின்றன. அத்தனைக்கும் பணம் போதாது, சிலவற்றுக்குப் போதும். எதனை முதலில் தீர்ப்பது? இப்போதுதான் தேர்ந்தெடுக்கும் பொறுப்பு நம் தலையில் வந்து விழுகிறது. நெருக்கடியில் செய்ததற்குச் சமாதானம் சொல்லலாம். வசதி வந்தபின் செய்வதற்குச் சமாதானம் சொல்ல இயலாது.

முதல் வேலை: எழுதுதல்

அல்-பகரா அத்தியாயத்தின் 282-வது வசனமே திருக்குர்ஆனில் மிக நீண்ட வசனம் என்பதை நாம் அறிவோம். அது கடனை எழுதி வைப்பதைப் பற்றியும் சாட்சி வைப்பதைப் பற்றியும் பேசுவது. கடைக் கணக்கைக் காசு பிசகாமல் எழுதுகிற நம்மில் பலர் சொந்தக் கடனை மனத்தில் மட்டுமே வைத்திருக்கிறோம். மனக் கணக்கில் ஒரு குறை உண்டு. நெருக்குகிறவரின் கடன் அதில் பெரிதாகத் தோன்றும். நெருக்காதவரின் கடன் நாளடைவில் மங்கிப் போகும்.

ஆகவே ஒரு தாளை எடுத்து ஐந்து கட்டங்கள் போடுக. யாருக்குக் கொடுக்க வேண்டும், எப்போது வாங்கினோம், எந்தத் தவணை சொல்லி வாங்கினோம், இன்று பாக்கி எவ்வளவு, காத்திருப்பதற்கு அவர் என்ன வாங்குகிறார். இந்த ஐந்தாவது கட்டமே நமது பாடத்தின் உயிர். வங்கிகளில் உள்ள கடன் எதுவும் விட்டுப்போகாதிருக்க, பேங்க் நெகாராவின் ‘சிசிரிஸ்’ அறிக்கையை எடுத்துப் பார்க்கலாம். நம் பெயரிலுள்ள கடன்களும், கடந்த 12 மாதங்களில் நாம் கட்டிய ஒழுங்கும் அதில் தெரியும். ஆனால் நண்பரிடம் வாங்கிய கைமாற்று எந்த அறிக்கையிலும் வராது. அதனை எழுத வேண்டியது நம் கைதான்.

ஒரு கணக்கு

விளக்கத்திற்காக ஒரு சில்லறைக் கடைக்காரரை மனத்தில் கொள்வோம். அவர் தாளில் நான்கு கடன்கள் இருக்கின்றன.

ஒன்று, வேன் தவணை. 60,000 வெள்ளி கடன், ஆண்டுக்கு 3 விழுக்காடு தட்டை வட்டி, ஐந்தாண்டுத் தவணை. வட்டி 9,000 சேர்த்து மொத்தம் 69,000, மாதம் 1,150. நான்கு ஆண்டுகள் ஒழுங்காகக் கட்டிவிட்டார். இன்னும் 12 மாதம். பாக்கி 13,800 வெள்ளி.

இரண்டு, கடன் அட்டை. பாக்கி 6,000 வெள்ளி. ஆண்டுக்கு 18 விழுக்காடு.

மூன்று, அர்-ரஹ்னு அடகு. மனைவியின் நகையை வைத்து வாங்கியது 4,000 வெள்ளி. நகையின் மதிப்பு 6,000. பாதுகாப்புக் கூலி நூற்றுக்கு மாதம் 70 காசு என்று வைத்துக்கொண்டால் மாதம் 42 வெள்ளி.

நான்கு, நண்பர் ஒருவரிடம் வாங்கிய கைமாற்று 5,000 வெள்ளி. 2020 மார்ச் 18-ஆம் தேதி நடமாட்டக் கட்டுப்பாடு வந்து கடை மூடிக் கிடந்த நாட்களில், “மூன்று மாதத்தில் தந்துவிடுகிறேன்” என்று சொல்லி வாங்கியது. எழுத்து இல்லை, வட்டி இல்லை, அவர் ஒருநாளும் கேட்டதில்லை.

ஆக மொத்தம் 28,800 வெள்ளி. கையில் சேர்ந்திருப்பது 18,000. இது போக, மாதம் 1,150 வெள்ளி கடனுக்கென்று ஒதுக்க அவரால் முடியும்.

அவருடைய முதல் எண்ணம் என்னவாக இருக்கும்? “வேன் கடனே பெரிது, அதனை ஒரே கட்டாகக் கட்டிவிட்டால் மாதம் 1,150 மிச்சம், அதைக்கொண்டு மற்றவற்றை மெல்லத் தீர்க்கலாம்.” கேட்பதற்கு நியாயமாகவே இருக்கிறது. கணக்குப் போட்டுப் பார்ப்போம்.

78 என்னும் எண்ணின் கதை

தட்டை வட்டித் தவணைக் கடன்களில் மலேசியாவில் நெடுங்காலம் வழங்கிவந்தது 78-ஆம் விதி என்னும் முறை. ஒன்று முதல் பன்னிரண்டு வரை எண்களைக் கூட்டினால் 78 வரும், அதனால் இப்பெயர். ஐந்தாண்டுக் கடனுக்கு ஒன்று முதல் அறுபது வரை கூட்ட வேண்டும்; 1,830 வரும். முதல் மாதத் தவணையில் வட்டியின் பங்கு 1,830-இல் 60. அடுத்த மாதம் 59. இப்படியே இறங்கிக் கடைசி மாதம் 1.

நம் கடைக்காரர் கணக்கில், முதல் மாதம் கட்டிய 1,150-இல் வட்டி மட்டும் 295 வெள்ளி. கடைசி மாதத் தவணையிலோ வட்டி ஐந்து வெள்ளி கூட இல்லை. மீதமுள்ள 12 மாதங்களுக்குரிய வட்டி, 9,000-இல் 1,830-க்கு 78 பங்கு; அதாவது சுமார் 384 வெள்ளி. இன்றே முழுதும் கட்டினால் வங்கி தள்ளித் தருவது இந்த 384 மட்டுமே. 13,416 வெள்ளியை ஒரே கட்டாக எடுத்து வைத்தால் மிச்சம் 384! வங்கி தன் லாபத்தின் பெரும்பகுதியை முதல் ஆண்டுகளிலேயே எடுத்துக்கொண்டுவிட்டது.

இங்கே ஓர் எச்சரிக்கை. எல்லா ஒப்பந்தமும் ஒரே மாதிரி அன்று. குறையும் பாக்கிக்கு வட்டி போடும் கடனும் உண்டு. இஸ்லாமிய வங்கி முறையில் முன்னதாகத் தீர்ப்பவருக்கு ‘இப்ரா’ என்னும் தள்ளுபடி உண்டு. எனவே கையெழுத்திட்ட தாளை எடுத்துப் படித்து, “இன்ன தேதியில் முழுதும் தீர்த்தால் எவ்வளவு?” என்று எழுத்து மூலம் கேட்டு வாங்குக. வாய்ச்சொல்லில் முடிவு செய்ய வேண்டாம்.

அட்டையின் வேலை

கடன் அட்டை இதற்கு நேர்மாறு. அது பழசாகப் பழசாக மலிவதில்லை. 6,000 வெள்ளிக்கு மாதம் ஒன்றரை விழுக்காடு என்றால் 90 வெள்ளி. குறைந்தபட்சத் தொகையான 5 விழுக்காட்டை மட்டும் மாதந்தோறும் கட்டி வருகிறார் என்று கொள்வோம். ஓராண்டில் சுமார் 3,010 வெள்ளி கட்டியிருப்பார். கடனோ சுமார் 2,120 தான் இறங்கியிருக்கும். ஏறத்தாழ 890 வெள்ளி வட்டிக்கே போயிருக்கும். சிங்கப்பூரிலுள்ள சகோதரர்களுக்கு இது இன்னும் கடுமை. அங்கே அட்டைக் கடனின் ஆண்டு வட்டி பொதுவாக 25 விழுக்காட்டுக்கும் மேல்.

வட்டி ஆகாது என்பதை நாம் அறியாதவர்கள் அல்லர். அறிந்திருந்தும் அவசரத்தில் அகப்பட்டவர்கள் நம்மிடையே உண்டு. அவர்களை ஏளனம் செய்வது நம் நோக்கமன்று; வெளியேறும் வாசலைக் காட்டுவதே நோக்கம். மார்க்கத்தின் கணக்கும் கடைக் கணக்கும் இந்த இடத்தில் ஒன்றையே சொல்கின்றன: அட்டையை முதலில் முடித்து, கத்தரித்துப் போடுக.

இரண்டு வழிகளும் ஒப்பிடுவோம்

முதல் வழி, வேனுக்கு முதலில். 18,000-இல் 13,416 போக மீதம் 4,584. அவசரத்திற்கு 3,000 வைத்துக்கொண்டு, 1,584-ஐ அட்டையில் கட்டுகிறார். பிறகு மாதம் 1,150 வீதம் கட்டினால் நான்காம் மாதம் அட்டை தீரும். அதற்குள் வட்டி சுமார் 166 வெள்ளி. எட்டாம் மாதம் நகை மீளும். அதுவரை கூலி 336 வெள்ளி. கடைசியாக நண்பரின் 5,000 தீர்வது பதின்மூன்றாம் மாதம். வங்கியில் 384 மிச்சம் பிடித்து, இங்கே 502 செலவழித்திருக்கிறார்.

இரண்டாம் வழி, வேன் தன் போக்கில் ஓடட்டும். அட்டைக்கு 6,000, நகைக்கு 4,000, நண்பருக்கு 5,000. ஒரே வாரத்தில் மூன்று கடன்களும் தீர்ந்தன. கையில் அதே 3,000 இருக்கிறது. மாதம் 1,150 வழக்கம்போல் வேனுக்குப் போகிறது. பன்னிரண்டாம் மாதம் எல்லாம் முடிந்தது.

பணக் கணக்கில் இரண்டுக்கும் உள்ள வேறுபாடு என்ன? சுமார் 118 வெள்ளி, ஒரு மாதம். அவ்வளவே. “இதற்கா இத்தனை பேச்சு?” என்று சிலர் கேட்கலாம். சகோதரர்களே, வேறுபாடு வெள்ளியில் இல்லை. காத்திருப்பவர் யார் என்பதில் இருக்கிறது.

முதல் வழியில், பன்னிரண்டு மாதம் காத்திருக்க ஒப்புக்கொண்டு அதற்குரிய கூலியையும் பெரும்பாலும் வாங்கிக்கொண்ட வங்கிக்கு, முன்னதாகவே பணம் போகிறது. மூன்று மாதம் என்று நம்பிக் கொடுத்து, ஆண்டுக்கணக்கில் ஒரு காசும் வாங்காமல் காத்திருந்த நண்பர், இன்னும் ஓராண்டுக்கு மேல் காத்திருக்கிறார். இது என்ன நீதி? கூலி வாங்கிக் காத்திருப்பவர் ஒப்பந்தப்படி காத்திருக்கட்டும். கூலியின்றிக் காத்திருந்தவருக்கு முதலில் கொடுப்போம்.

“அவர் கேட்கவில்லையே!”

இப்படிச் சொல்வோர் உண்டு. கேட்காதது மன்னித்ததாகுமா? கடன் பட்டவர் உண்மையிலேயே சிரமத்தில் இருந்தால் அவகாசம் கொடுக்குமாறு அல்-பகராவின் 280-வது வசனம் கடன் கொடுத்தவருக்குச் சொல்கிறது. நண்பர் அதனைச் செய்துவிட்டார். சிரமம் நீங்கியபின் அவகாசம் நீடிப்பதற்கு இடம் ஏது? வசதியிருந்தும் கடனை இழுத்தடிப்பது அநியாயம் என்று நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் எச்சரித்திருப்பதை நாம் பலமுறை கேட்டிருக்கிறோம்.

நாம் அறிந்த ஒரு கடையில் நடந்தது இது. ஜும்ஆ முடிந்து வாரந்தோறும் வந்து தேநீர் அருந்திப் போகும் பெரியவர் ஒருவர், சில ஆயிரம் வெள்ளி கைமாற்றுக் கொடுத்தபின் வருவதை நிறுத்திவிட்டார். கோபித்துக்கொண்டார் என்று கடைக்காரர் நினைத்தார். வெட்கத்தால் அவரும் வேறு பள்ளிக்குத் தொழப் போனார். ஆண்டுகள் ஓடின. ஒருநாள் பணத்தை எடுத்துக்கொண்டு அவர் வீட்டுக்கே போனார்.

“காக்கா, மன்னிக்கணும். ரொம்ப நாளாயிடுச்சு. என் மேல கோபம் இருக்கும்.”

“கோபமா? நான் கடைக்கு வந்தா பணம் கேட்க வந்த மாதிரி இருக்குமேன்னுதான் வரல, தம்பி. உன் கடைத் தேத்தண்ணி இல்லாம எனக்கு எத்தனை ஜும்ஆ போச்சு!”

அந்தக் கடனுக்கு வட்டி இல்லை என்று நாம் நினைக்கிறோம். அத்தனை வெள்ளிக்கிழமைகளையும் எந்தக் கட்டத்தில் எழுதுவது?

நகைக்கு உடையவர்

அடகுக் கடனில் ஒரு நுட்பம் உண்டு. 1992-இல் திரங்கானுவில் தொடங்கிய அர்-ரஹ்னு முறை, வட்டியில்லாமல் பாதுகாப்புக் கூலி மட்டும் வாங்குவதால் நம் மக்களுக்குப் பேருதவியாக இருந்து வருகிறது. ஆனால் நகை மனைவியுடையதாயின் அங்கே இரண்டு கடன்கள் இருக்கின்றன. அடகுக் கடைக்குப் பணம், மனைவிக்கு நகை. மஹராகவோ தாய்வீட்டுச் சீராகவோ வந்த நகை அவருடைய சொத்து. குடும்பம் ஒன்றுதானே என்று சொல்லி அந்தக் கடனைத் தாளில் எழுதாமல் விடுகிறோம். தவணை தப்பினால் நகை ஏலத்துக்குப் போகும், கடனும் கூலியும் போக மிஞ்சும் பணம் திரும்பக் கிடைக்கும், நகை திரும்பாது. ஆதலால் இதனையும் கூலியின்றிக் காத்திருந்தவரின் கடனாகவே எண்ணுக.

செய்யக் கூடாதவை மூன்று

முதலாவது, கல்லாப்பெட்டியைத் துடைத்துச் சொந்தக் கடனைத் தீர்ப்பது. கடைப் பணத்தில் மொத்த வியாபாரிக்குரிய பங்கு இருக்கிறது. அதனை எடுத்துக் கடன் தீர்த்தால் ஒரு கடன் இன்னொரு கடனாக உருமாறுமே தவிரத் தீராது.

இரண்டாவது, கையிருப்பு அத்தனையும் கொடுத்துவிட்டு வெறுங்கையாக நிற்பது. கடைசிக் கடன் தீர்ந்த மறுமாதமே வேன் பழுதானால் மறுபடி அட்டையைத் தேட நேரும். ஒரு மாத வீட்டுச் செலவாவது கையில் நிற்கட்டும். இதற்காக யாருக்காவது சிறிது குறைத்துக் கொடுக்க நேர்ந்தால், அவரிடம் நேரில் சொல்லி, மீதிக்குத் தேதி குறித்துக் கொடுக்க வேண்டும்.

மூன்றாவது, கடனை முடிக்கக் கடன் வாங்குவது. ‘ஆலோங்’ வாசலைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். சிங்கப்பூரில் உரிமம் பெற்ற வட்டிக்கடைகளுக்கே 2015 அக்டோபர் முதல் மாதம் 4 விழுக்காடு என்று உச்சவரம்பு வைத்திருக்கிறார்கள். அந்த உச்சவரம்பே எவ்வளவு பெரிது என்பதைக் கணக்குத் தெரிந்த நாம் உணரலாம். தவணைகளைச் சமாளிக்க முடியாத நிலையிலிருப்பவர்கள் மலேசியாவில் பேங்க் நெகாரா 2006-இல் நிறுவிய ‘ஏகேபிகே’யை நாடலாம்; ஆலோசனைக்குக் கட்டணமில்லை. சிங்கப்பூரில் ‘கிரெடிட் கவுன்சலிங் சிங்கப்பூர்’ இத்தகைய பணியைச் செய்கிறது. அங்கே போவது மானக்குறைவு என்று எண்ண வேண்டாம். போகாமல் கடையை இழப்பதே குறைவு.

முடித்ததை முடித்ததாக்குதல்

கொடுத்துவிட்டோம் என்பதோடு வேலை தீராது. அட்டையில் முழுப் பாக்கியும் கட்டிய பின்பும், கணக்கெடுத்த நாளுக்கும் கட்டிய நாளுக்கும் இடையே ஓடிய சிறு வட்டி அடுத்த மாதத் தாளில் வந்து நிற்பதுண்டு. அதனைக் கவனியாமல் விட்டால் தாமதக் கட்டணம் சேரும். ஆகவே அட்டையை மூடியதற்குக் கடிதம் கேட்டு வாங்குக. வேன் தவணை முடிந்ததும், சாலைப் போக்குவரத்து இலாகாவின் பதிவில் வங்கியின் உரிமைக் குறிப்பு நீக்கப்பட்டதா என்று பார்க்க. சிசிரிஸ் அறிக்கையை மீண்டும் எடுத்துச் சரிபார்க்க.

கைமாற்றுக் கடனுக்கும் ஒரு சீட்டு வேண்டும். சந்தேகத்தினால் அல்ல, இருவருடைய வாரிசுகளுக்காக. கொடுத்தவர் மௌத்தாகிவிட்டிருந்தால் கடன் போய்விடவில்லை. அது வாரிசுகளின் ஹக்கு. அவர் ஊர் திரும்பி இராமநாதபுரத்திலோ கடையநல்லூரிலோ இருந்தால் விசாரித்து அனுப்ப வேண்டியது நம் கடமை. வெள்ளியில் வாங்கியதை வெள்ளிக் கணக்கிலேயே கொடுப்போம். பேச்சு வைக்காமல், தருணத்தில் மனமுவந்து சிறிது கூட்டிக் கொடுப்பது வட்டியாகாது. நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் தாம் வாங்கிய ஒட்டகத்திலும் சிறந்த ஒன்றைத் திருப்பிக் கொடுக்கச் சொன்ன வரலாறு நமக்கு முன்மாதிரியாக இருக்கிறது.

பாடத்தின் சுருக்கம்

எல்லாக் கடனையும் ஒரே தாளில் எழுதுக. ஒவ்வொன்றின் முழுத் தீர்வுத் தொகையையும் எழுத்து மூலம் அறிக. வளர்கின்ற வட்டியை முதலில் வெட்டுக. அதனோடு சேர்த்தே, கூலியின்றிக் காத்திருந்தவருக்குக் கொடுக்க. ஒப்பந்தப்படி குறைந்துகொண்டே வரும் தவணையை அதன் போக்கில், ஒரு மாதமும் தவறாமல் கட்டுக. சிறிது கையிருப்பை வைத்துக்கொள்க. தீர்ந்ததற்கெல்லாம் சீட்டு வாங்குக.

இந்த இதழைக் கீழே வைக்குமுன் ஒரு நிமிடம். நாம் பணம் கொடுக்க வேண்டியவர்களில், நம்மை ஒருபோதும் கேட்காத ஒருவரின் முகம் இப்போது மனத்தில் தோன்றியிருக்கும். தாளில் முதல் வரியில் அவர் பெயரை எழுதுவோம். இன்ஷா அல்லாஹ், வரும் ஜும்ஆவுக்குப் பிறகு அவரைப் பார்க்கப் போவோம். தொகை முழுதும் இல்லாவிட்டாலும் ஒரு பகுதியும், மீதிக்கு ஒரு தேதியும் கையில் இருக்கட்டும்.

வல்ல நாயன் நம் அனைவரையும் கடன் சுமையிலிருந்து விடுவித்து, பிறருடைய ஹக்கை மறவாத வியாபாரிகளாக வாழச் செய்வானாக! ஆமீன்.